பார்வோன் மகளும் மூன்று பீங்கான் தட்டுகளும்

வீட்டுக்காரர் என் தலையை அளந்தபோது நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். அசைந்தால் அளவு தப்பிவிடும் என்று அவர் சொல்லியிருந்தார். நண்டுக் கொடுக்கு மாதிரி வளைந்த இரண்டு கைகள் உள்ள பித்தளைக் கருவி அது. ஒரு கையை நெற்றியிலும் இன்னொன்றைப் பின்மண்டையிலும் வைத்துத் திருகாணியை முடுக்கி, எண்ணைப் பார்த்து, தனக்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டார். பித்தளை சில்லென்று இருந்தது. அவருடைய விரல்கள் மிக மென்மையாக இருந்தன. பல் வைத்தியர் வாயைத் திறக்கச் சொல்லும்போது தாடையைப் பிடிப்பாரே, அந்த மாதிரி. முடிந்ததும் கருவியைத் துடைத்து வெல்வெட் பெட்டிக்குள் வைத்தார். “நான் நினைத்தது சரி. நீங்கள் அந்தப் பக்கம்தான், எகிப்துப் பக்கம்” என்று ஜெர்மனில் சொன்னார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைத்தால் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. பயம் பிறகுதான் வந்தது.

எழுபதுகளின் தொடக்கம். மேற்கு ஜெர்மனியின் பான் நகரில் எனக்கு அது இரண்டாவது குளிர்காலம். தூத்துக்குடிக்குத் தெற்கே உப்பளங்களை ஒட்டிய ஊர் எங்களுடையது. எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டி வாசித்த முதல் ஆள் நான். மதுரையில் வரலாறு எம்.ஏ. முடித்து, சாயங்கால வகுப்பில் ஜெர்மன் கற்று, ஒரு உதவித்தொகையில் இங்கே ஆராய்ச்சிக்கு வந்தேன். உதவித்தொகை இரண்டு வருடத்துக்கு. ஆராய்ச்சி அதற்குள் முடியாது என்பது வந்த பிறகுதான் தெரிந்தது. மேலும் நீட்டிக்கப் பேராசிரியரின் பரிந்துரை வேண்டும். அந்தக் குளிர்காலப் பருவத்தில் அவருடைய கருத்தரங்கு வகுப்பில் நான் ஒரு கட்டுரை வாசிக்க வேண்டும், அதைக் கேட்டுவிட்டுத்தான் எழுதுவதா வேண்டாமா என்று அவர் முடிவு செய்வார். அவர் எழுதாவிட்டால் விசா இல்லை. விசா இல்லாவிட்டால் பட்டம் இல்லாமல் ஊர் திரும்ப வேண்டும்.

எங்கள் தெருவே ரயிலடிக்கு வந்து என்னை வழியனுப்பியிருந்தது. இனி அந்தத் தெருவில் யாராவது ஒரு பையனைப் படிக்க அனுப்புவதா வேண்டாமா என்று பேச்சு வரும்போதெல்லாம் என்னைக் காட்டித்தான் பேசுவார்கள். எப்படிக் காட்டப் போகிறார்கள் என்பது இனி அந்தக் கட்டுரையின் கையில்.

கட்டுரையின் பொருள் அயர்லாந்தில் கேலிக் மொழி பேசிய மக்களின் பூர்வகதை. பேராசிரியர் வாசித்த பட்டியலில் அதை யாரும் எடுக்கவில்லை, நான் கை தூக்கினேன். கதை இதுதான். பாபேல் கோபுரம் இடிந்து மொழிகள் சிதறிய காலத்தில் ஒரு பல்மொழிப் பண்டிதனின் மகன் எகிப்துக்குப் போகிறான். பார்வோன் அவனுக்குத் தன் மகளைக் கொடுக்கிறான். அவர்களுக்குப் பிறக்கும் பிள்ளையின் வழிவந்தவர்கள்தான் கேலிக் மக்கள். எகிப்தை விட்டுப் பல தலைமுறை அலைந்து, ஸ்பெயினில் ஒரு கோபுரம் கட்டி, தெளிவான ஒரு குளிர்கால மாலையில் அதன் உச்சியிலிருந்து வடக்கே பச்சையாக ஒரு கரையைப் பார்த்து, கப்பலேறி அயர்லாந்துக்கு வந்து சேர்கிறார்கள். பார்வோன் மகளின் கல்லறை இதோ என்று அங்கே ஒரு பள்ளத்தாக்கைக் காட்டுகிறவர்கள் இன்னும் உண்டாம்.

மற்ற மாணவர்கள் இதைக் கேட்டு லேசாகச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடல் கொண்ட நாடு என்றும் உலகின் முதல் குடி என்றும் பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டிகளில் தொண்டை கிழியப் பேசிப் பரிசு வாங்கியவன் நான். ஒரு ஜனம் தன்னைப் பற்றி ஒன்று சொன்னால் அதை நம்புவதுதான் மரியாதை என்று வளர்ந்தவன். பார்வோன் மகள் வந்தாள் என்றால் வந்திருப்பாள். ஆதாரம் தேடுவதுதான் என் வேலை என்று நினைத்தேன்.

ஆதாரம் நான் குடியிருந்த வீட்டிலேயே கிடைத்தது. வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற பூகோள ஆசிரியர், மனைவியை இழந்தவர். மாடி மேல் சாய்ந்த கூரைக்குக் கீழே இருந்த அறையை எனக்கு வாடகைக்கு விட்டிருந்தார். வெளிநாட்டவருக்கு அறை இல்லை என்று பல வாசல்களில் கேட்டுவிட்டு வந்தவனுக்கு அந்த அறையே பெரிய விஷயம். கரி அடுப்பை எப்படி அணையாமல் வைப்பது என்று அவர்தான் சொல்லிக்கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை பிளம்ஸ் பழக் கேக்கில் ஒரு துண்டை மூடி என் கதவுக்கு வெளியே வைத்துவிட்டுப் போவார். நான் என்ன படிக்கிறேன் என்று கேட்டு, நான் சொன்னதும் கீழே போய் ஒரு தடித்த புத்தகத்தோடு மேலே வந்தார்.

போருக்கு முன் அச்சான புத்தகம். அதில் மடித்து வைத்த வரைபடம் ஒன்று இருந்தது. விரித்தால் மேசை கொள்ளாது. அதில் சிவப்பு அம்புகள். நைல் நதியிலிருந்து ஒரு அம்பு புறப்பட்டு, ஆப்பிரிக்காவின் வட கரையோரமாக ஓடி, ஸ்பெயினில் திரும்பி, அயர்லாந்தில் போய்க் குத்தி நின்றது. நான் அதைத் தொட்டுப் பார்த்தேன். கதையில் வந்ததெல்லாம் அப்படியே இருந்தது. அயர்லாந்தில் பழைய ராஜாக்களின் குன்று ஒன்றில் தோண்டியபோது ஓர் எலும்புக்கூட்டின் கழுத்தில் நீலப் பச்சை மணிகள் கிடைத்ததாக வேறொரு புதிய கட்டுரையில் வாசித்திருந்தேன். எகிப்தில் செய்வார்களே, அந்த மாதிரி மணிகள். அம்பும் மணியும் சேர்ந்துவிட்டன. இனி என்ன வேண்டும்?

அதற்குப் பிறகுதான் அவர் பித்தளைக் கருவியைக் கொண்டுவந்தார். எகிப்தியர், கேலிக் மக்கள், தென்னிந்தியர் மூவரும் ஒரே மூலம் என்று அவருக்கு ஒரு எண்ணம். அளந்து பார்க்கலாமா என்று கேட்டார். மறுத்தால் அறை போய்விடுமோ என்று ஒரு பயம் இருந்தது உண்மை. ஆனால் மறுக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. என் பிறப்பைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தையை எங்கள் ஆட்களுக்கு வெளியே யாரும் எனக்குச் சொன்னதில்லை. இவர் சொன்னார். பார்வோன் வீட்டுச் சொந்தம் என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சி வீட்டில் இதைச் சொல்லிச் சிரித்தேன். அளந்ததைச் சொல்லவில்லை, எகிப்தை மட்டும் சொன்னேன். அண்ணாச்சி என்று நான் கூப்பிட்டவர் திருநெல்வேலிக்காரர், பல்கலைக்கழக ரசாயன ஆய்வுக்கூடத்தில் வேலை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் போயல் என்ற பகுதியில் மனைவியோடு இருந்தார். அவரை நான் மதினி என்பேன். எனக்குத் தெரிந்து பானில் அப்போது நம் பக்கத்துச் சோறு கிடைத்த ஒரே வீடு அது. வாரம் தவறாமல் போவேன்.

முதல் தடவை போனபோதே அண்ணாச்சி கேட்டார்: “தம்பிக்கு எந்த ஊரு?”

தூத்துக்குடி என்றேன்.

“தூத்துக்குடின்னா டவுனா, இல்ல பக்கத்துலயா?”

“பக்கத்துல.”

“பக்கத்துலன்னா எந்தப் பக்கம்?”

இந்தக் கேள்வி எங்கே போய் முடியும் என்று நம் ஊரில் பிறந்த எவருக்கும் தெரியும். நான் அப்பா உப்பு வியாபாரத்தோடு சம்பந்தப்பட்டவர் என்று முனகினேன். அவர் தனக்கு வேண்டிய மாதிரி அர்த்தம் பண்ணிக்கொண்டார். உடனே மதினி மேசையில் இருந்த பீங்கான் தட்டை எடுத்துவிட்டு எவர்சில்வர் தட்டு வைத்தார். “நம்மாளுக்கு எதுக்குப் பீங்கான்? அது வெள்ளைக்காரங்க வந்தா வைக்கது” என்றார். ஊரிலிருந்து பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த மூன்று எவர்சில்வர் தட்டுகள். விளிம்பில் பேர் வெட்டியிருக்கும். அந்தத் தட்டில் முதல் வாய்ச் சோறு இறங்கவில்லை. இரண்டாவது இறங்கியது. ரசம் அவ்வளவு நன்றாக இருந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் ட்ராமில் ஆற்றைக் கடக்கும்போது, இன்றைக்கு யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொண்டிருப்பாரோ என்று பயந்துகொண்டேதான் போவேன். கதவு திறந்து தட்டைப் பார்த்த பிறகுதான் மூச்சு வரும்.

எகிப்து விஷயத்தைச் சொன்னதும் அண்ணாச்சிக்குப் பெருமை தாங்கவில்லை. கட்டுரை என்றைக்கு என்று கேட்டுக் காலண்டரில் குறித்துக்கொண்டார். லேபுக்கு லீவு போட்டுவிட்டு வருவதாகச் சொன்னார்.

“உங்களுக்குப் போரடிக்கும் அண்ணாச்சி. கெமிஸ்ட்ரி இல்ல இது.”

“எலே, நம்மாளு ஒருத்தன் ஜெர்மன்காரனுக்கு ஹிஸ்டரி சொல்லிக் குடுக்கான். நான் வராம எவன் வருவான்? கடைசி பெஞ்சுல இருந்துக்கிடுதேன். தூக்கம் வந்தா தூங்கிக்கிடுதேன்.”

மதினி அடுப்படியிலிருந்து, “குறட்டை விட்டு அந்தத் தம்பி மானத்த வாங்கிராதீங்க” என்றார்.

கட்டுரைக்கு முந்தைய வாரம் பேராசிரியரை அவர் அறையில் பார்க்கப் போனேன். புத்தகத்தையும் எடுத்துப் போனேன். இப்படி ஒரு அரிய நூலைக் கண்டுபிடித்தேன் என்று காட்டினால் அவருக்குப் பிடிக்கும் என்று ஒரு நினைப்பு. மேசையில் வைத்து வரைபடத்தை விரித்தேன். அதன் ஓரம் அவருடைய காப்பிக் கோப்பையில் இடித்தது.

அவர் அதைத் தொடவில்லை. நாற்காலியை மட்டும் பின்னால் நகர்த்திக்கொண்டார். யார் கொடுத்தது என்று கேட்டார். சொன்னேன். ஜன்னல் பக்கம் திரும்பினார். வெளியே மைதானத்தில் பனி அழுக்காகக் கிடந்தது. நான் ஏதோ பெரிய தப்புச் செய்துவிட்டேன் என்று மட்டும் புரிந்தது, என்ன தப்பு என்று புரியவில்லை.

“இந்த அம்புகளை வரைந்தவன் நான்” என்றார்.

எனக்கு ஜெர்மன் தப்பாகப் புரிந்ததோ என்று பார்த்தேன். அவர் விரலால் காற்றில் ஒரு வளைவு போட்டுக் காட்டினார்.

“எனக்கு அப்போது உங்கள் வயது. இதை எழுதியவர் என் ஆசிரியர். அவர் சொல்லச் சொல்ல நான் வரைந்தேன். எந்த இடத்தில் வளைய வேண்டும் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அழகாக வளைந்தால் சரி. அம்பு போட்டுவிட்டால் ஜனங்கள் நடந்துபோனதாக ஆகிவிடும். பிறகு யார் எங்கிருந்து வந்தவன், யார் வந்திருக்கவே கூடாதவன் என்று பிரிக்க ஆரம்பித்தார்கள். அதற்கும் வரைபடம் போட்டோம். அதன் பிறகு என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும்.”

தெரியும் என்று தலையாட்டினேன். முகாம்களையும் கொலைகளையும் புத்தகத்தில் படித்துத் தெரிந்தது வேறு. அந்த வரைபடத்துக்குக் கோடு போட்ட கை இரண்டடி தூரத்தில் கோப்பையைப் பிடித்திருக்கும்போது தெரிவது வேறு.

“அவர் உங்களை அளந்தாரா?”

“அளந்தார்.”

“என்ன சொன்னார்?”

“எகிப்துப் பக்கம் என்றார்.”

“நல்ல பதில்தான். எனக்கும் அவர்கள் நல்ல பதில்தான் சொன்னார்கள்” என்றார். சிரிக்கவில்லை. “அதனால்தான் நான் வரைந்துகொண்டே இருந்தேன்.”

வரைபடத்தை மடிக்க எனக்குக் கை வரவில்லை. பழைய மடிப்புகளில் அது சரியாக விழவில்லை. அவர் உதவவும் இல்லை. கதவுக்கு வந்ததும், கட்டுரையை என்ன செய்வது என்று கேட்டேன். எப்படி வேண்டுமானாலும் பேசுங்கள் என்றார். அந்த வார்த்தைதான் என்னைக் கொன்றது. திட்டியிருந்தால் எதைத் திருத்துவது என்று தெரிந்திருக்கும். இப்போது என் மூன்றாவது வருடம் இவர் கையில் இருந்தது, இவரைப் பற்றிய ஒரு விஷயம் என் கையில் இருந்தது. நான் கேட்டு வாங்காத விஷயம். அதற்காகவே என்னை ஊருக்கு அனுப்பிவிடுவாரோ என்று தெருவெல்லாம் யோசித்துக்கொண்டு நடந்தேன்.

வீட்டுக்காரரிடம் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தேன். பேராசிரியர் என்ன சொன்னார் என்று ஆர்வமாகக் கேட்டார். அவருக்கு இந்தப் புத்தகம் ஏற்கெனவே தெரியும் என்றேன். வீட்டுக்காரர் திருப்தியாகத் தலையாட்டி, நல்ல புத்தகங்கள் காணாமல் போவதில்லை என்றார். அன்று முதல் அறைக் கதவை உள்ளே தாழிட ஆரம்பித்தேன். அவர் என்னை ஒன்றும் செய்யப் போவதில்லை. எப்போதும்போல் கேக் வைத்தார், அடுப்புக்குக் கரி கொண்டுவந்து தந்தார். ஆனால் படியில் அவருடைய காலடி கேட்டால் என் கை தானாக நெற்றிக்குப் போனது.

கட்டுரையில் பாதிக்கு மேல் அந்தப் புத்தகம்தான். எடுத்துவிட்டால் மிஞ்சுவது கதையும் நீல மணியும். மணியை நம்பிப் பயனில்லை என்று இப்போது தெரிந்தது. மணி கை மாறிக் கை மாறி எவ்வளவு தூரமும் வரும். அதற்காகச் செய்தவனும் கூடவே நடந்து வந்தான் என்று ஆகாது. ஆக, பார்வோன் மகள் வரவில்லை. வராதவளை வந்ததாக ஒரு ஜனம் ஏன் சொன்னது? அதைச் சொல்ல வேண்டும். புத்தகங்களில் இரண்டு வரி இருந்தது. துறவிகள் தங்கள் நாட்டு வரலாற்றை வேதாகம வரலாற்றோடு இணைக்க முயன்றார்கள் என்று. அந்த இரண்டு வரிக்கு மேல் எனக்கு ஒன்றும் எழுத வரவில்லை. பேனாவை வைத்துவிட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அது ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்தது என்பது சரியில்லை, அது எப்போதும் அங்கேதான் இருந்தது. அதன் பக்கம் போகாமல் சுற்றி நடந்துகொண்டிருந்தேன்.

எங்கள் ஆட்களுக்கு ஒரு சங்கம் உண்டு. சங்கம் போட்ட சின்னப் புத்தகம் ஒன்று உண்டு, மஞ்சள் அட்டை. அதன்படி நாங்கள் பாண்டியன் மகளின் வாரிசுகள். எதிரி ராஜா பெண் கேட்டபோது கொடுக்க மனமில்லாமல் அவளை உப்பு மண்ணுக்குள் ஒளித்து வைத்தார்கள். அவள் பிள்ளைகள் அரச குலம் என்று தெரியாதிருக்க உப்பு வாரினார்கள். பிறகு அதுவே நிலைத்துவிட்டது. எங்கள் ஆண்டு விழா மேடையில் சின்னப் பையனாக நின்று இதை மூச்சு விடாமல் ஒப்பித்திருக்கிறேன். பெண்கள் அழுதார்கள். மறுநாள் காலையில் அதே பெண்கள் டீக்கடைக்கு வெளியே நின்று கொட்டாங்கச்சியில் டீ வாங்கினார்கள்.

இரண்டு கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அரண்மனையில் பிறந்த ஒரு மகள். அங்கிருந்து வெளியேற ஒரு காரணம். பிறகு நீண்ட அலைச்சல். நாம் ராஜா வீடு என்றால் ஏன் மழை ஓயாத இந்தத் தீவில் கிடக்கிறோம் என்று பிள்ளை கேட்டால் பதில் வேண்டும். ஏன் உப்பு வாருகிறோம் என்று கேட்டால் பதில் வேண்டும். அந்த அலைச்சல்தான் பதில். இது என் எம்.ஏ. படிப்பு சொல்லிக் கொடுத்ததில்லை. ஆனால் இதைச் சொன்னால் கட்டுரை நிற்கும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

சொன்னால் கடைசி பெஞ்சில் அண்ணாச்சி இருப்பார்.

அந்த வாரம் முழுக்க அவர் வராமல் இருக்க வழி தேடினேன். தேதி மாறிவிட்டது என்று சொல்லலாமா என்றுகூட யோசித்தேன். அவருடைய ஆய்வுக்கூடமும் எங்கள் வகுப்பும் நடந்துபோகும் தூரம், மாட்டிக்கொள்வேன். என் ஊரைச் சொல்லாமல் ஏதோ ஒரு நாட்டில் ஏதோ ஒரு கூட்டம் என்று சொல்லலாம். அப்போது பேராசிரியர் எந்த நூலிலிருந்து எடுத்தீர்கள் என்று கேட்பார். நூல் இல்லை. நான்தான் இருந்தேன்.

கட்டுரை நாளன்று சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு போயிருக்கிறேன். அண்ணாச்சி கோட்டும் டையுமாக எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கினார். பேராசிரியர் முன்வரிசையில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். என் கையில் வரைபடம் எதுவும் இல்லை என்பதைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியை மாட்டினார்.

கதையைச் சொன்னேன். மணியைச் சொல்லி, அது ஏன் போதாது என்றும் சொன்னேன். துறவிகள் கையில் உலக வரலாறு என்று இருந்தது வேதாகமமும் அதைத் தொட்ட நூல்களும், அதில் எல்லா ஜனமும் இருந்தது, தங்கள் ஜனம் மட்டும் இல்லை என்றேன். உள்ளே நுழைய ஒரு கதவு வேண்டும். இருப்பதிலேயே பெரிய வீடு பார்வோன் வீடு. ஆனால் அது கடவுள் தண்டித்த வீடு. ஆகவே மகளை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அடிமைகளைத் துரத்திப்போய்க் கடலில் மூழ்கிய பார்வோன் படையோடு தங்கள் முன்னோர் போகவில்லை என்றும் சேர்த்து எழுதினார்கள். அரச ரத்தமும் வேண்டும், பாவமும் ஒட்டக்கூடாது.

பிறகு தண்ணீர் குடித்தேன். தண்ணீர் முகவாயில் வழிந்தது. பின்வரிசையைப் பார்க்காமல், என் மொழியில் யோசித்தால் நின்றுவிடுவேன் என்று ஜெர்மனிலேயே பிடித்துக்கொண்டு சொன்னேன்: “இதை எனக்கு விளக்கியது எந்த நூலும் இல்லை. எங்கள் சாதியாரை எங்கள் ஊரில் கோயிலுக்குள் விடமாட்டார்கள். எங்களிடம் ஒரு சின்னப் புத்தகம் இருக்கிறது. அதில் நாங்கள் ஒரு ராஜா மகளின் பிள்ளைகள்.”

அதன் பிறகு பேசியது எனக்கு அவ்வளவாக நினைவில்லை. முடித்தேன். பேராசிரியர் கேட்டார்.

“அந்தப் புத்தகத்தை யாருக்காக அச்சடித்தார்கள்? உங்களுக்காகவா, உங்களை வெளியே நிறுத்தியவர்களுக்காகவா?”

“அவர்களுக்காகத்தான். ஆனால் அவர்கள் அதை வாசிக்கவே இல்லை. நாங்கள்தான் வாசித்தோம்” என்றேன்.

“நம்பினீர்களா?”

“போன வாரம்வரை.”

அவர் குனிந்து எதையோ குறித்துக்கொண்டார். பிறகு விரல் முட்டியால் மேசையைத் தட்டினார். இங்கே கைதட்டுவதில்லை, இப்படித்தான் பாராட்டுவார்கள். ஒவ்வொருவராகத் தட்டினார்கள். எத்தனையோ தடவை கேட்ட சத்தம்தான். அன்றைக்கு மட்டும் யாரோ கதவை இடிப்பது மாதிரி இருந்தது. தாழ்வாரத்தில் பேராசிரியர் என்னைக் கடந்து போகையில் நின்று, ஒரு வருடத்துக்கு எழுதுகிறேன் என்றார். வரைபடத்தைப் பற்றி அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை. வருகிற மாணவர்களை மட்டும் எந்த நூலை எங்கே எடுத்தீர்கள் என்று முன்னைவிடக் கடுமையாகக் கேட்டார்.

அண்ணாச்சி வாசலில் நின்றிருந்தார். இருவரும் ட்ராம் நிறுத்தம்வரை நடந்தோம். சாதாரணமாக அவர் பேச்சை நிறுத்துவது கஷ்டம். அன்று கையுறையைப் போடுவதும் கழற்றுவதுமாக வந்தார். ட்ராம் வருகிற வெளிச்சம் தெரிந்ததும், “எக்ஸ்டென்ஷன் கிடைச்சிட்டுல்லா?” என்றார். கிடைத்தது என்றேன். “பெறவு என்ன” என்றார். ஏறி உட்கார்ந்துவிட்டார். ஜன்னல் வழியாக என்னைப் பார்க்கவில்லை. கதவு மூடும்போதுதான், “ஞாயித்துக்கிழமை வந்துரு, என்னா” என்று சத்தமாகச் சொன்னார்.

வர வேண்டாம் என்று சொல்லியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமை பாலத்தில் ட்ராம் ஊர்ந்தபோது, ஆற்றில் பனிக்கட்டிகள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு போவதைப் பார்த்தேன். இறங்கித் திரும்பிவிடலாம் என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் எழுந்தேன். எவர்சில்வர் தட்டு வைத்தால் மதினியிடம் அண்ணாச்சி சொல்லவில்லை என்று அர்த்தம். அப்படியானால் நான் மறுபடி பயந்துகொண்டே சாப்பிட வேண்டும். எனக்கு மட்டும் பீங்கான் வைத்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கதவைத் திறந்தது மதினி. “வாங்க தம்பி” என்றார். என் முகத்தைப் பார்க்காமல் கோட்டை வாங்கி மாட்டினார். மேசையில் மூன்று தட்டுகள் இருந்தன. மூன்றும் பீங்கான்.

“எவர்சில்வர் எல்லாம் புளி போட்டு ஊற வச்சிருக்கேன்” என்றார், நான் கேட்காமலே.

அடுப்படிக் கதவு திறந்துதான் இருந்தது. எவர்சில்வர் தட்டுகள் மூன்றும் அலமாரியில் சுத்தமாகக் கவிழ்த்து வைத்திருந்தன. நான் பார்த்ததை அவரும் பார்த்தார். அவர்கள் பேசியிருக்கிறார்கள் என்று தெரிந்தது. வாரம் முழுக்கவும் பேசியிருக்கலாம். அந்த எவர்சில்வர் தட்டை எனக்கு வைக்கவும் அவர்களால் முடியவில்லை, எனக்கு மட்டும் வைக்காமல் இருக்கவும் முடியவில்லை. கடைசியில் வெள்ளைக்காரர்களுக்கு வைக்கிற தட்டில் மூவரும் சாப்பிடுவது என்று முடிவாகியிருக்கிறது.

அண்ணாச்சி சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசைந்தார். தட்டு மேசையில் நழுவியது. இடது கையால் பிடித்துக்கொண்டார். “இதுல பிசைஞ்சா வழுக்குதுட்டீ” என்று மதினியைப் பார்த்துச் சொன்னார். மதினி, “ஸ்பூன் இருக்கு, ப்ரொஃபசருக்கு வேணுமா?” என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது.

அந்தப் பார்வோன் மகள் கதையைத் தனக்கும் சொல்லச் சொன்னார் மதினி. சொன்னேன். ஸ்பெயின் கோபுரத்திலிருந்து கரையைப் பார்த்த இடம் வந்தபோது, “அவ்வளவு தூரம் தெரியுமா?” என்று கேட்டார். தெரியாது, அவர்கள் தெரிந்ததாகச் சொல்லிக்கொண்டார்கள் என்றேன். அண்ணாச்சி சோற்றைப் பார்த்தபடியே, எங்க வீட்டுலயும் அப்படி ஒரு புஸ்தகம் கிடக்கும், எங்க தாத்தா செப்பேடுன்னு ஒண்ணு வச்சிக்கிட்டு அலைஞ்சார் என்றார். அதற்கு மேல் போகவில்லை. நானும் கேட்கவில்லை. அவர் தாத்தாவின் செப்பேட்டுக்குக் கோயில் கதவு திறந்திருந்தது. எங்கள் மஞ்சள் அட்டைக்குத் திறக்கவில்லை.

சாப்பிட்டு முடிந்தது. மற்ற ஞாயிறுகளில் நான் எழுவதற்கு முன்பே மதினி என் தட்டை எடுத்துவிடுவார். “வைங்க தம்பி” என்பார். அன்று அவர் கை கொஞ்சம் நீண்டது, பிறகு தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொண்டது. நான் அந்தக் கைக்கு வேலை வைக்கவில்லை. என் தட்டை நானே எடுத்துக்கொண்டு அடுப்படித் தொட்டிக்குப் போய்க் குழாயைத் திறந்தேன். தண்ணீர் பனியைவிடக் குளிராக வந்தது. எனக்குப் பயமாக இருந்தது. இனி இந்த வீட்டுக்கு வர முடியாது, இந்த ஊரில் கிடைத்த ஒரு வருடத்தைத் தனியாகத்தான் கழிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே தேய்த்த இடத்தையே தேய்த்துக்கொண்டிருந்தேன்.

நாற்காலி பின்னால் நகரும் சத்தம் கேட்டது. அந்த வீட்டில் நான் போன இத்தனை ஞாயிறுகளில் அண்ணாச்சி தன் தட்டைத் தானே எடுத்து ஒரு நாளும் பார்த்ததில்லை. ரசம் சொட்டுகிற பீங்கான் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவர் எனக்குப் பின்னால் வந்து நின்றார்.

“எவ்வளவு நேரம்டே கழுவுவ?” என்றார். “தள்ளு, ஆளு நிக்கில்லா.”